ஓதத் தெரியும், எழுதத் தெரியாது

ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதத்தில் முதலாமாண்டு மாணவிகளின் சேர்க்கைப் படிவங்களைச் சரிபார்க்கும் வேலை எங்களுக்கு வரும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவியின் படிவத்தில் 'தாயின் கல்வித் தகுதி' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்தது.

"அம்மா பள்ளிக்கூடமே போனதில்லையாம்மா?" என்று கேட்டேன்.

"இல்ல மேடம். உம்மா ஓத மட்டும்தான் போயிருக்காங்க."

பேச்சு வளர்ந்தபோதுதான் தெரிந்தது, அந்த உம்மா இருபது வருடங்களுக்கும் மேலாகத் தெருப் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுத்து வருகிறார். பள்ளிக்கூடம் போகுமுன் காலையில் ஒரு கூட்டம், மக்ரிபுக்குப் பின் ஒரு கூட்டம். ஒரு பிள்ளை ஓசையை இழுக்க வேண்டிய இடத்தில் இழுக்காமல் விட்டால் அடுப்படியில் இருந்தபடியே திருத்துவாராம். ஊரில் பாதிப் பேருக்கு முதல் எழுத்தைச் சொல்லித் தந்தவர் அவர்.

"பிறகு ஏன் 'இல்லை'ன்னு எழுதினே?"

"அதுக்குச் சர்டிபிகேட் இல்லையே மேடம்."

அந்தப் பதிலில் தவறு எதுவும் இல்லை. படிவம் கேட்டது சான்றிதழை. அவள் சரியாகத்தான் எழுதியிருந்தாள். இருபது ஆண்டுகள் ஆசிரியராக இருந்த ஒரு பெண் படிக்காதவராகப் பதிவாவது எப்படி என்ற கேள்வி மட்டும் என்னிடம் தங்கிவிட்டது. மதரஸாவா நவீனப் பள்ளியா என்ற விவாதம் எழும்போதெல்லாம் எனக்கு அந்தக் கட்டம்தான் நினைவுக்கு வருகிறது. விவாதிக்கும் இரு தரப்பாரும் அந்த உம்மாவைப் பற்றிப் பேசுவதில்லை.

*

தமிழாசிரியர் என்பதால் சொல்லிலிருந்து தொடங்குகிறேன். சமண, பௌத்தத் துறவியர் தங்கிய இடத்துக்குப் பள்ளி என்று பெயர். பிள்ளைகள் படிக்கும் இடம் பள்ளிக்கூடம். தமிழ் முஸ்லிம்கள் தொழும் இடம் பள்ளிவாசல். வழிபாடும் படிப்பும் ஒரே சொல்லுக்குள் குடியிருந்த காலம் ஒன்று இருந்தது. 'ஓதுதல்' என்ற சொல்லும் அப்படித்தான். வேதம் ஓதினார்கள், தேவாரம் ஓதினார்கள், குர்ஆன் ஓதினார்கள். தொல்காப்பியத்தில் தலைவன் தலைவியைப் பிரிவதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஓதலும் ஒன்று. வகுப்பில் ஓதற்பிரிவு நடத்தும்போது மாணவிகளிடம் கேட்பேன்: ஓதப் போகிறவன் யார், வீட்டில் இருந்து காத்திருப்பவள் யார்? ஓதுவதற்காக ஒரு பெண் பிரிந்து போவதற்கு இலக்கணத்தில் இடமில்லை. ஆக, கல்வி ஆணை வெளியே அனுப்பியதும் பெண்ணை உள்ளே இருத்தியதும் ஒரு மதத்தின் தனிச்சொத்து அல்ல. இதை முதலில் சொல்லிவிடுவது நல்லது. முஸ்லிம் பெண்களின் கல்வி என்று பேச்செடுத்தாலே, மற்ற வீடுகளில் எல்லாம் எப்போதும் விளக்கு எரிந்துகொண்டிருந்ததுபோல ஒரு தொனி வந்துவிடுகிறது.

இஸ்லாமிய உலகின் கல்வி வரலாற்றில் பெண்கள் இல்லாமல் இல்லை. நபிமொழிகளை அறிவித்தவர்களில் ஆயிஷா முதன்மையானவர்களில் ஒருவர். பதினோராம் நூற்றாண்டில் மக்காவில் வாழ்ந்த கரீமா அல் மர்வஸிய்யா என்ற பெண்ணிடம் புகாரியின் நபிமொழித் தொகுப்பைப் பாடம் கேட்க அறிஞர்கள் வந்தார்கள். பாக்தாதின் பேரறிஞர் அல் கதீப் அவர்களில் ஒருவர். பதினைந்தாம் நூற்றாண்டில் கெய்ரோவைச் சேர்ந்த அல் ஸகாவி, தம் காலத்து அறியப்பட்டவர்களின் வாழ்க்கைக் குறிப்புகளைத் தொகுத்தபோது கடைசித் தொகுதி முழுவதையும் பெண்களுக்கே ஒதுக்கினார். அதில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இருக்கிறார்கள்.

அப்படியானால் எங்கே கதவு மூடியது? பாக்தாதில் 1067இல் திறக்கப்பட்ட நிஜாமிய்யா போன்ற மதரஸாக்கள் வந்தபோது கல்விக்குக் கட்டடம், வக்ஃபு வருமானம், சம்பளம் பெறும் ஆசிரியர், உதவித்தொகை பெறும் மாணவர் என்று ஓர் அமைப்பு உருவானது. அங்கே படித்தவர்கள் நீதிபதியாகவும் அரசு அலுவலராகவும் ஆனார்கள். பெண்கள் அந்த மதரஸாக்களுக்குச் சொத்தைக் கொடுத்தார்கள். சலாஹுத்தீனின் சகோதரி சித்துஷ் ஷாம் டமாஸ்கஸில் மதரஸாக்களை நிறுவினார். ஆனால் தாம் நிறுவிய மதரஸாவில் ஒரு பெண் சம்பள ஆசிரியராக உட்கார முடியவில்லை. அறிவைக் கடத்தும் வேலை வீட்டிலும் பள்ளிவாசலின் ஒரு மூலையிலும் நடந்தவரை பெண் அதில் இருந்தாள். அது பதவியாகவும் ஊதியமாகவும் மாறியபோது வெளியேற்றப்பட்டாள். என் மாணவியின் உம்மாவுக்கு நேர்ந்ததும் இதுதான்.

*

நம் கடற்கரைக்கு வருவோம். கீழக்கரை, காயல்பட்டினம், நாகூர், அதிராம்பட்டினம், கடல் தாண்டி இலங்கையின் ஊர்கள். இங்கெல்லாம் நூற்றாண்டுகளாக அரபுத்தமிழ் என்ற எழுத்துமுறை வழங்கியது. அர்வி என்றும் சொல்வார்கள். மொழி தமிழ், எழுத்து அரபு. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக அரபு எழுத்துகளோடு புள்ளிகளையும் குறிகளையும் சேர்த்துக்கொண்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கீழக்கரையின் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் போன்ற அறிஞர்கள் சட்டதிட்டங்களையும் விளக்கங்களையும் இந்த எழுத்தில் எழுதினார்கள்; கல்லச்சு வந்த பிறகு அவை வீடுவீடாகப் போயின.

பெண் வரலாற்றில் அரபுத்தமிழுக்கு ஒரு தனி இடம் உண்டு. திண்ணைப் பள்ளிக்கூடம் ஆண்பிள்ளைகளுக்கு உரியது. தமிழ் நெடுங்கணக்கை மணலில் எழுதிப் பழகும் வாய்ப்பு பெரும்பாலான பெண்களுக்கு, எந்தச் சமயத்தவராக இருந்தாலும், கிடைக்கவில்லை. முஸ்லிம் பெண்குழந்தையோ குர்ஆன் ஓதுவதற்காக அரபு எழுத்தைக் கற்றாக வேண்டும். அந்த எழுத்தைக் கற்ற கையோடு அதே எழுத்தில் இருக்கும் தமிழை அவளால் வாசித்துவிட முடிந்தது. தமிழெழுத்து தெரியாமலே தமிழ் வாசித்த பெண்கள் இவர்கள். பெண்களுக்கென்று தனியாக அமைந்த தைக்காக்களிலும் வீட்டு முற்றங்களிலும் கூடி மாலைகளையும் கிஸ்ஸாக்களையும் மசலாக்களையும் ஒருத்தி வாசிக்க மற்றவர்கள் கேட்டார்கள். பள்ளிக்கூடம் தராத வாசிப்பை, சமயக்கல்வியின் ஓரத்தில் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

இதைப் பொற்காலமாக்க நான் விரும்பவில்லை. அவர்கள் வாசித்த நூல்களில் பெரும்பாலானவை ஆண்கள் எழுதியவை. 'பெண்புத்தி மாலை' என்ற தலைப்பே எல்லாவற்றையும் சொல்லிவிடும்: கணவனுக்கு எப்படி அடங்குவது, எப்படி நடப்பது, எப்படிப் பேசுவது. எழுத்தறிவைக் கொடுத்த கையே அதன் எல்லையையும் கீறிக் காட்டியது.

இருந்தாலும் அது எழுத்தறிவுதான். அரசு அதை அப்படிக் கணக்கில் எடுக்கவில்லை. 1911ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவுக்கு ஓர் அளவுகோல் வைக்கப்பட்டது: நண்பருக்கு ஒரு கடிதம் எழுதவும், அவர் பதிலை வாசிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். வாசிக்க மட்டும் தெரிந்தவர்கள் அந்த அளவுகோலில் எழுத்தறிவற்றவர்கள். யாருக்கு வாசிக்கத் தெரிந்து எழுதத் தெரியாது? பெண்களுக்குத்தான்.

*

பெண் ஓதலாம், வாசிக்கலாம், எழுதக் கூடாது. இந்த எல்லைக்கோடு இந்தியத் துணைக்கண்டத்தின் உயர்குடி முஸ்லிம் வீடுகள் பலவற்றில் தெளிவாகவே இருந்தது. பெண்ணுக்கு எழுதத் தெரிந்தால் அந்நிய ஆணுக்குக் கடிதம் எழுதிவிடுவாள் என்பது காரணம். அரசின் அளவுகோலும் கடிதம்தான், வீட்டாரின் அச்சமும் கடிதம்தான்.

வட இந்தியாவின் பிஜ்னூரில் 1840இல் பிறந்த அஷ்ரஃபுன்னிசா பேகம் தம் சிறுவயதைப் பற்றிப் பிற்காலத்தில் எழுதினார். வீட்டுக்கு வந்து குர்ஆன் சொல்லிக்கொடுத்த விதவை ஆசிரியை மறுமணம் செய்துகொண்டதும், அவர் வருவதை வீட்டார் நிறுத்திவிட்டார்கள். சிறுமி மீதியைத் தானே ஓதி முடித்தார். அடுத்து உருது வாசிக்க ஆசை வந்தது. சொல்லித்தர ஆளில்லை. தோசைக்கல் போன்ற ரொட்டித் தவாவின் அடிக்கரியைச் சுரண்டி மை ஆக்கி, துடைப்பக் குச்சியைப் பேனாவாக்கி, யாருக்கும் தெரியாமல் பாடல் தாள்களைப் பார்த்துப் பார்த்து எழுத்துகளை வரைந்தார். என்ன எழுதுகிறோம் என்று தெரியாமலே எழுதினார். வாசிப்பு பிறகுதான் வந்தது. இந்தப் பெண்தான் கணவரை இழந்த பின் லாகூரின் விக்டோரியா பெண்கள் பள்ளியில் ஆசிரியையாகி அதன் பொறுப்பையும் ஏற்றவர். அவர் தம் கதையை எழுதிய 'தஹ்ஸீபே நிஸ்வான்' 1898இல் லாகூரில் தொடங்கிய பெண்கள் வார இதழ். அதன் ஆசிரியர் முகம்மதி பேகம், ஒரு பெண்.

தவாக் கரியில் எழுத்து பழகிய அந்தச் சிறுமியை நான் வகுப்பில் அடிக்கடி நினைவுகூர்வேன். அடுப்படி பெண்ணைக் கட்டிப்போட்ட இடம். எழுதுவதற்கான மையும் அவளுக்கு அங்கிருந்தே கிடைத்தது.

தமிழில் அப்படி எழுதியவர்களில் இருவரைச் சொல்ல வேண்டும். கீழக்கரையின் செய்யிது ஆசியா உம்மா 1868இல் பிறந்து 1948இல் மறைந்தவர். மாடியறையில் தனித்திருந்து தியானத்தில் வாழ்ந்ததால் 'மேல்வீட்டுப் பிள்ளை' என்று அழைக்கப்பட்ட சூஃபிக் கவிஞர். 'மெய்ஞ்ஞான தீப ரத்தினம்' அவருடைய நூல். சமயக்கல்வி மட்டுமே பெற்ற ஒரு பெண், அந்தக் கல்விக்குள் இருந்தே இறைவனோடு நேரடியாகப் பேசும் ஒரு மொழியைச் செய்துகொண்டார். இன்னொருவர் நாகூரின் சித்தி ஜுனைதா பேகம். 1917இல் பிறந்தவர், பள்ளிப்படிப்பு மூன்றாம் வகுப்பு. சிறுவயதில் மணமாகி, இளமையிலேயே கணவரை இழந்தவர். 1938இல் அவருடைய 'காதலா கடமையா' நாவல் உ.வே.சாமிநாதையரின் பாராட்டுரையுடன் வெளிவந்தது. ஒருவர் பள்ளிக்கூடத்தை அறியாதவர், மற்றவர் மூன்றாண்டுகள் மட்டும் அறிந்தவர். இருவரும் நம் இலக்கிய வரலாற்றுப் பாடத்திட்டங்களில் எத்தனை வரி இடம்பெறுகிறார்கள் என்று மாணவிகள் தேடிப் பார்க்கலாம்.

*

நவீனப் பள்ளி வந்தபோது என்ன நடந்தது? அலிகரில் 1875இல் பள்ளியையும் பின்னர் கல்லூரியையும் தொடங்கிய சர் சையத் அகமது கான் முஸ்லிம் நவீனக் கல்வியின் தந்தை என்று போற்றப்படுபவர். 1882ஆம் ஆண்டின் ஹண்டர் கல்விக்குழு முன் அவர் சாட்சியம் அளித்தபோது, ஆண்கள் போதிய அளவு கல்வி பெற்ற பிறகே பெண்களின் கல்வி சாத்தியம் என்ற கருத்தைச் சொன்னார். வீட்டு மகிழ்ச்சிக்கு இப்போதிருக்கும் கல்வியே போதும் என்பதும் அவர் நிலைப்பாடு. ஆணுக்கு ஆங்கிலமும் அறிவியலும், பெண்ணுக்குப் பழைய ஓதல். பழமைவாதிகளோடு எத்தனையோ விஷயங்களில் சண்டையிட்டவர் இந்த ஒன்றில் அவர்களோடு கைகோத்துக்கொண்டார். அலிகரில் பெண்களுக்கான பள்ளி 1906இல்தான் வந்தது. ஷேக் அப்துல்லாவும் அவர் மனைவி வஹீத் ஜஹான் பேகமும் அதை நடத்தினார்கள்.

தமிழ் பேசும் முஸ்லிம்களிடையே சற்று வேறு மாதிரி தொடங்கியவர் கண்டியின் சித்திலெப்பை. 1882இல் 'முஸ்லிம் நேசன்' இதழைத் தொடங்கியவர், 'அசன்பே சரித்திரம்' எழுதியவர், வழக்கறிஞர். ஆண்களுக்குப் பள்ளி வேண்டும் என்று வாதாடிய அதே காலத்தில் பெண்களுக்கும் கண்டியில் பள்ளி தொடங்கினார். அதை நடத்தும் பொறுப்பு அவருடைய சகோதரி முத்து நாச்சியாவிடம் இருந்தது. சித்திலெப்பையைப் பற்றி நூல்களும் நினைவு மலர்களும் உண்டு. முத்து நாச்சியாவைப் பற்றி அவரது வாழ்க்கைக் குறிப்பில் வரும் ஒரு வாக்கியம்தான் நமக்கு எளிதில் கிடைக்கிறது. தினமும் அந்த வகுப்பறைக்குள் நின்றவர் அவர்தான் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

வங்கத்தின் ரொக்கையா சகாவத் ஹுசைன் 1911இல் கல்கத்தாவில் எட்டு மாணவிகளோடு சகாவத் நினைவுப் பெண்கள் பள்ளியைத் தொடங்கினார். பெண்கள் வெளியே, ஆண்கள் உள்ளே என்று தலைகீழான நாட்டை 'சுல்தானாவின் கனவு' கதையில் 1905லேயே எழுதிப் பார்த்தவர் அவர். பள்ளி நடத்துவது கதை எழுதுவதைவிடக் கடினமாக இருந்தது. மாணவிகளை அழைத்துவர ஒரு வண்டி வேண்டும். வண்டியில் பர்தா வேண்டும். முதலில் வந்த வண்டியை முழுக்க மூடியிருந்தார்கள். இருட்டிலும் வெக்கையிலும் சிறுமிகள் அழுதார்கள், மயங்கினார்கள். பிறகு சன்னல் பலகையைத் திறந்து திரை போட்டார்கள். காற்றில் திரை விலகுகிறது, பிள்ளைகளின் மானம் போகிறது என்று கண்டனக் கடிதங்கள் வந்தன. 1931இல் வெளிவந்த 'அவரோதவாசினி' என்ற தொகுப்பில் ரொக்கையா இதைச் சிரிப்பும் கசப்புமாகச் சொல்கிறார்.

ரொக்கையா குர்ஆன் கல்வியைப் பள்ளியிலிருந்து நீக்கவில்லை. மொழிகள், கைவேலை, உடற்பயிற்சியோடு அதையும் வைத்தார். கிளிப்பிள்ளைபோல ஒப்பிப்பது போதாது, பொருள் தெரிந்து படிக்க வேண்டும் என்பதே அவர் கேட்டது. தாய்மொழியில் பொருள் தெரிந்துவிட்டால் ஆண்கள் மதத்தின் பெயரால் எதைக் கொடுக்கிறார்கள், எதைப் பறிக்கிறார்கள் என்று பெண்ணே பிரித்துப் பார்ப்பாள். கல்வி தேடுவது ஆணுக்கும் பெண்ணுக்கும் கடமை என்ற நபியின் வாக்கை முன்வைத்து, அதை மறுக்கும் தந்தையர்தான் மார்க்கத்தை மீறுகிறார்கள் என்று அவர் வாதாடினார். ஓதல் பெண்ணின் கையில் வாதமாக மாறியது இங்கேதான்.

*

நவீனப் பள்ளி தமிழ் முஸ்லிம் பெண்ணுக்குக் கொடுத்தது அதிகம். சென்னையில் 1955இல் தொடங்கிய எஸ்.ஐ.இ.டி. மகளிர் கல்லூரியும், கீழக்கரையில் 1988இல் தொடங்கிய தாசிம் பீவி அப்துல் காதர் மகளிர் கல்லூரியும் எத்தனையோ வீடுகளில் முதல் பட்டதாரிப் பெண்ணை உருவாக்கியவை. ஆனால் ஓர் இழப்பும் உண்டு. தமிழெழுத்து பயின்ற பேத்தியால் பாட்டியின் அரபுத்தமிழ் நூலை வாசிக்க முடியவில்லை. பாட்டியால் பேத்தியின் பாடநூலை வாசிக்க முடியவில்லை. பரணில் இருந்த நூல்களை இன்ன நூல் என்று தெரியாமலே கடலில் விட்ட கதைகளையும் கிணற்றில் போட்ட கதைகளையும் கேட்டிருக்கிறேன். குர்ஆனின் எழுத்தில் இருப்பதால் குப்பையில் போட மனம் வரவில்லையாம். பெண்கள் வாசித்த ஒரு நூலகம் இப்படிக் கரைந்தது.

பள்ளிக்கூடம் திறந்திருந்தும் பூப்பெய்தியதும் நிறுத்தப்பட்ட பெண்கள் ஏராளம். கவிஞர் சல்மா தாம் நிறுத்தப்பட்ட கதையைப் பலமுறை பேசியிருக்கிறார். அவரை மதரஸா தடுக்கவில்லை. ஊரும் வீடும் தடுத்தன. இந்த வேறுபாடு முக்கியம். 2006இல் வந்த சச்சார் குழு அறிக்கை, பள்ளி செல்லும் வயதுடைய முஸ்லிம் குழந்தைகளில் சுமார் 3 விழுக்காட்டினரே மதரஸாவில் படிப்பதாகச் சொன்னது. பள்ளி நேரத்துக்கு முன்னும் பின்னும் ஓதப் போகும் மக்தப் வேறு, முழுநேர மதரஸா வேறு என்பதையும் அது பிரித்துக் காட்டியது. மற்ற குழந்தைகள் நம் பக்கத்துப் பெஞ்சில் இருக்கிறார்கள், அல்லது எந்தப் பெஞ்சிலும் இல்லை. நாம் கவலைப்பட வேண்டியது அந்தக் கடைசிக் கூட்டத்தைப் பற்றி.

இன்று பெண்களுக்கான மதரஸாக்கள் தமிழ்நாட்டில் பல ஊர்களில் உள்ளன. 'ஆலிமா' பட்டம் பெற்ற பெண்கள் அரபு இலக்கணமும் விரிவுரையும் படிக்கிறார்கள். இது பாட்டிகளுக்குக் கிடைக்காத கல்வி, குறைத்து மதிப்பிட மாட்டேன். ஆனால் பட்டம் பெற்றவள் எங்கே போகிறாள்? இன்னொரு பெண்கள் மதரஸாவுக்கு, சொற்பச் சம்பளத்துக்கு. அவள் படித்த சட்டத்தைக்கொண்டு தலாக்கையும் ஜீவனாம்சத்தையும் பேசித் தீர்க்கும் ஜமாஅத்தில் அவளுக்கு நாற்காலி இல்லை. அதனால்தான் 2000களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் ஷரீஃபா கானம் பெண்களுக்கென்று ஒரு ஜமாஅத்தை முன்னெடுத்தபோது அவ்வளவு எதிர்ப்பு எழுந்தது. பெண் ஓதுவதில் யாருக்கும் தடையில்லை. ஓதியதைக்கொண்டு தீர்ப்புச் சொல்ல வந்தால்தான் சிக்கல்.

மறுபக்கம் நவீனப் பள்ளியின் வாசலில் 2022இல் என்ன பார்த்தோம்? கர்நாடகத்தில் முக்காடு அணிந்த மாணவிகள் வாயிற்கதவுக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். மார்ச் 15 அன்று உயர்நீதிமன்றம் தடையை ஏற்றது. அக்டோபர் 13 அன்று உச்சநீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்புகள் அளித்தார்கள். நீதிபதி சுதான்ஷு துலியா பெண்குழந்தைகளின் கல்வியையே முதன்மையாக வைத்துப் பேசினார். ரொக்கையாவின் வண்டியில் திரை விலகியது என்று பிள்ளைகளை நிறுத்தப் பார்த்தார்கள். உடுப்பியில் துணி விலகவில்லை என்று நிறுத்தினார்கள். இரண்டு தரப்பும் நூற்றாண்டு இடைவெளியில் பார்த்தது துணியைத்தான். அன்றைய பாடம் என்ன என்று இரண்டு தரப்பும் கேட்கவில்லை.

எனவே மதரஸாவைப் பார்த்தும் பள்ளிக்கூடத்தைப் பார்த்தும் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் ஒன்றே. இங்கே பெண் எழுதலாமா? பொருள் கேட்கலாமா? பொருள் சொல்லலாமா? சொன்னதற்குப் பதவியும் ஊதியமும் பெயரும் உண்டா?

அந்த மாணவி மூன்றாம் ஆண்டில் ஆய்வேட்டுக்குத் தலைப்புக் கேட்டு வந்தாள். உங்கள் ஊரில் ஓதிக்கொடுத்த பெண்களின் பட்டியல் ஒன்று செய் என்றேன்; யாரிடம் யார் ஓதினார்கள் என்று. நான்கு தலைமுறைப் பெயர்களோடு வந்தாள். பலருக்குப் பெயரே தெரியவில்லை, 'மூலைவீட்டு உம்மா' என்றும் 'கிணற்றடி லாத்தா' என்றும்தான் இருந்தது. பட்டியலின் கடைசியில் தன் உம்மாவின் முழுப்பெயரை எழுதி, பக்கத்தில் 'ஆசிரியர்' என்று போட்டிருந்தாள்.